ஒரு கோடி கிளம்பினால் எவ்வளவு போய்ச் சேரும்?

அகதிகளுக்காகவும் இடம்பெயர்ந்தவர்களுக்காகவும் வேலை செய்யும் அமைப்புகளுக்கு எவ்வளவு ஆதரவு கிடைக்கிறது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் கொடுத்தவரிடமிருந்தே வருகிறது. ‘இந்த ஆண்டு இத்தனை மில்லியன் டாலர்’ என்று அறிவிப்பு வரும். வாங்கியவரின் பாஸ்புக்கில் வேறு எண் இருக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் யாரும் ஒரே தாளில் எழுதி வைப்பதில்லை.

2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சி மாநாட்டில் ‘கிராண்ட் பார்கைன்’ என்ற உடன்பாடு வந்தது. கொடையாளர் நாடுகள், ஐ.நா. முகமைகள், பெரிய பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் அதில் இருந்தன. 2020க்குள் மனிதநேய நிதியில் குறைந்தது 25 சதவீதம் ‘முடிந்தவரை நேரடியாக’ உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்பது அதில் ஒரு வாக்குறுதி. 2014இல் உள்ளூர், தேசியத் தொண்டு நிறுவனங்களுக்கு நேரடியாகப் போனது 0.2 சதவீதம். 2022இல் உள்ளூர் அமைப்புகள் அனைத்தையும் சேர்த்தே 1.2 சதவீதம்தான். ஆனாலும் ‘நாங்கள் இலக்கைத் தொட்டுவிட்டோம்’ என்று சொன்ன நிறுவனங்கள் உண்டு. அவர்கள் சொன்னதும் அவர்கள் வரையறைப்படி சரி. ‘முடிந்தவரை நேரடியாக’ என்ற இரண்டு சொற்களுக்குள் நடுவில் ஒரு இடைத்தரகு அமைப்பு இருந்தாலும் கணக்கில் வரும் என்று பின்னால் ஏற்றுக்கொண்டார்கள். எதை எதால் வகுக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யாவிட்டால் அடுத்து எடுக்கும் எண் எல்லாம் வீண்.

ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தம் 100 ரூபாய். ஐ.நா. முகமைகளுக்கு 60, பன்னாட்டு நிறுவனங்களுக்கு 20, அரசுக்கு 5, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு 3, யாருக்குப் போனது என்று குறிக்கப்படாதது 12. உள்ளூர்ப் பங்கு எவ்வளவு? 3 சதவீதம். ‘தெரியாதது’ என்ற 12ஐ வகுக்கும் எண்ணிலிருந்து எடுத்துவிட்டால் 3.4. அரசையும் உள்ளூர் என்று சேர்த்தால் 8. சேர்ப்பது தவறும் அல்ல, கிராண்ட் பார்கைனில் ‘உள்ளூர்’ என்பதில் அரசும் அடக்கம். மூன்றும் ஒரே தரவிலிருந்து வந்தவை. அறிக்கையில் எந்த எண்ணைப் போட்டாலும் அதற்குக் கீழே வகுத்த விதத்தை ஒரு வரி எழுதியாக வேண்டும்.

‘உள்ளூர்’ யார் என்பதும் அவ்வளவு எளிதில்லை. 2018 ஜனவரியில் ஐ.நா.வின் முகமைகளுக்கிடையிலான நிலைக்குழு வரையறை வெளியிட்டது: தலைமையகமும் வேலையும் உதவி பெறும் அந்த நாட்டிலேயே இருக்க வேண்டும், பன்னாட்டு நிறுவனத்தின் கிளையாக இருக்கக் கூடாது. ஒரு கூட்டமைப்பில் உறுப்பினராக இருப்பது மட்டும் கிளை ஆக்கிவிடாது. நிதி திரட்டலும் நிர்வாகமும் தன் கையில் இருந்தால் போதும். பன்னாட்டு நிறுவனம் தன் அலுவலகத்தை உள்ளூர்ச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்வதால் மட்டும் அது உள்ளூர் அமைப்பாகிவிடாது. சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: நிர்வாகக் குழுவை நியமிப்பது யார், லோகோவைத் திரும்பக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்று பாருங்கள்.

இங்கே இன்னொரு கோடும் போட வேண்டும். அமைப்பு எந்த நாட்டுடையது என்பது ஒன்று, அதை நடத்துவது யார் என்பது மற்றொன்று. 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளிடையே அகதிகளாலேயே நடத்தப்பட்டுவரும் அமைப்பு. ‘உள்ளூரா, பன்னாடா’ என்ற ஒற்றைக் கேள்வியில் இது சாதாரண இந்தியத் தொண்டு நிறுவனமாக மறைந்துபோகும். அகதிகள் நடத்துவது என்ற செய்தி எங்கும் பதிவாகாது. ஆகவே கணக்கு அட்டவணையில் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) வேண்டும்: தலைமையகம் எங்கே, முடிவெடுக்கும் குழுவில் பாதிக்கப்பட்ட சமூகத்தினர் எத்தனை பேர்.

ஒரு கோடியின் பயணம்

இனி பணத்தைப் பின்தொடர்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக.

கொடையாளர் நாடு ஒரு ஐ.நா. முகமைக்கு 1,00,00,000 ரூபாய் தருகிறது. முகமை 7 சதவீதம் மேல்செலவாக, அதாவது தன் பொது நிர்வாகத்துக்கான பங்காக, எடுக்கிறது. இந்த 7ஐ மொத்தத்தில் எடுத்தால் 7,00,000 என்று வரும், பலர் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பது நேரடிச் செலவின் மேல் 7 சதவீதம். ஒரு கோடியை 1.07ஆல் வகுக்க வேண்டும். நேரடிச் செலவு 93,45,794, மேல்செலவு 6,54,206. வித்தியாசம் 45,794 ரூபாய். ஒரு திட்டத்தில் இது சின்னது, நூறு திட்டங்களைக் கூட்டும்போது யாருடைய கணக்கும் யாருடையதோடும் ஒத்துப்போகாமல் நிற்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

93,45,794இல் முகமை தன் சொந்த ஊழியர், வண்டி, கிடங்கு என்று 23,45,794 செலவிட்டுவிட்டு 70,00,000ஐ ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்குத் தருகிறது. அங்கே மறுபடியும் 7 சதவீதம்: 4,57,944 போய் 65,42,056 மீதம். அவர்கள் 20,42,056ஐத் தாங்களே செலவிட்டு 45,00,000ஐ உள்ளூர் அமைப்புக்கு அனுப்புகிறார்கள். அதில் 15,00,000 சரக்காக வருகிறது: தார்ப்பாய், பாத்திரம், சுகாதாரப் பொட்டலம். பணமாக வருவது 30,00,000. இந்தத் திட்டத்தால் கூடிய வாடகை, கணக்காளர் சம்பளம், ஆடிட் செலவு 3,60,000. இதற்கென்று மேல்செலவுப் பங்கு எதுவும் தரப்படவில்லை. ஆக உண்மையான பண ஆதரவு 26,40,000.

மேலே மூன்று இடங்களிலும் ‘கொடுத்தோம்’ என்று மூன்று அறிக்கைகள் போகும். மூன்றையும் கூட்டினால் 2,15,00,000. கிளம்பியதே ஒரு கோடிதான். இடையில் எடுத்ததெல்லாம் வீண்செலவு என்று சொல்லவில்லை. கிடங்கும் வண்டியும் இல்லாமல் தார்ப்பாய் முகாமுக்கு நடந்து வராது. ஆனால் அந்தச் செலவை ‘உள்ளூர் அமைப்புக்குத் தந்த ஆதரவு’ என்ற தலைப்பில் வைக்கக் கூடாது.

இரட்டைக் கூட்டலைத் தவிர்க்க ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எத்தனையாவது படி என்று ஒரு எண் கொடுங்கள். மூலக் கொடையாளரிடமிருந்து வந்தால் 1, ஒருவரைத் தாண்டி வந்தால் 2, இருவரைத் தாண்டினால் 3. மொத்தம் கேட்டால் முதல் படியை மட்டும் கூட்டுங்கள். வந்து சேர்ந்தது கேட்டால் எந்தப் படியாக இருந்தாலும் கடைசியில் உள்ளூர் அமைப்பின் கணக்கில் விழுந்ததை மட்டும் கூட்டுங்கள். இரண்டு கூட்டலையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஒப்பிடாதீர்கள்.

பொதுத் தரவு மூன்று இடங்களில் கிடைக்கிறது, மூன்றுக்கும் ஒவ்வொரு பள்ளம். ஐ.நா. மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகம் 1992இலிருந்து நடத்தும் எஃப்டிஎஸ் என்ற நிதித் தடம் பார்க்கும் தளத்தில் முதல் படி ஓரளவு நன்றாகத் தெரியும். இரண்டாம் படி தன்னார்வமாகத் தெரிவித்தால்தான் உண்டு, ஆகவே பாதி இருட்டு. பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஈசிடி அமைப்பின் கடன்-கொடைப் பதிவேட்டில் பணம் யார் வழியாகப் போனது என்பதற்குக் குறியீடு இருக்கும்: 22000 என்றால் கொடையாளர் நாட்டைச் சேர்ந்த தொண்டு நிறுவனம், 23000 என்றால் வளரும் நாட்டைச் சேர்ந்தது. ஐஏடிஐ என்ற திறந்த தரவு வடிவத்தில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வகை எண் உண்டு: 2 உறுதியளித்தது, 3 அனுப்பியது, 4 செலவு. 2ஐயும் 3ஐயும் சேர்த்துக் கூட்டிவிட்டு ‘ஆதரவு இரட்டிப்பானது’ என்று எழுதுவது இந்தத் துறையின் தேசியப் பிழை.

உறுதிமொழியை நம்பி அளப்பதன் ஆபத்து 2025 ஜனவரி 20க்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாட்கள் நிறுத்தியபோது, வகை 2இல் இருந்த எண்கள் அப்படியே இருந்தன, வகை 3இல் வர வேண்டியது வரவில்லை. ஏட்டில் ஆதரவு ஓங்கி நின்றது, முகாம் மருத்துவமனைகளில் சம்பளம் நின்றது. அதனால் தலைப்பு எண்ணாக எப்போதும் வங்கியில் வரவானதை மட்டும் போடுவது நல்லது. உறுதிமொழியைப் பக்கத்தில் தனியாகப் போடலாம்.

அமைப்புக்குப் போகாத பணம்

‘அகதிகளுக்கான உதவி’ என்ற தலைப்பில் வரும் பெருந்தொகைகளில் அமைப்புகளுக்குப் போகாதது நிறைய. பணக்கார நாடுகள் தம் மண்ணுக்கு வந்த அகதிகளுக்காக முதல் 12 மாதம் செய்யும் செலவை வெளிநாட்டு உதவியாகவே காட்டலாம் என்று ஓஈசிடி விதி சொல்கிறது. அதன் பதிவேட்டில் இந்தச் செலவுக்கான குறியீடு 93010. 2022இல் முதற்கட்டக் கணக்குப்படி இது 2,930 கோடி டாலர், மொத்த உதவியில் 14.4 சதவீதம். அதே ஆண்டில் பிரிட்டன் இப்படிக் காட்டியது 370 கோடி பவுண்டு, அந்நாட்டு உதவி பட்ஜெட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். விடுதி வாடகையிலும் உள்ளாட்சிக்கான மானியத்திலும் பெரும்பகுதி முடிந்துவிடும். உங்கள் கேள்வி அமைப்புகளைப் பற்றியது என்றால் முதல் வேலையாக 93010ஐ வடிகட்டி எடுத்துவிடுங்கள்.

இன்னொரு வகை, அமைப்பின் கையில் வந்து உடனே போய்விடும் பணம். துருக்கியில் சிரிய அகதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் 2016 நவம்பரில் தொடங்கிய அட்டைத் திட்டத்தில் ஒரு கட்டத்தில் ஆளுக்கு மாதம் 120 லிரா போட்டார்கள். முதலில் நடத்தியது உலக உணவுத் திட்டம், 2020இலிருந்து செஞ்சிலுவை-செம்பிறைக் கூட்டமைப்பு. களத்தில் இரண்டு காலத்திலும் துருக்கிச் செம்பிறைச் சங்கம். 15 லட்சம் பேருக்கு 120 லிரா என்றால் மாதம் 18 கோடி லிரா. அத்தனையையும் ‘தேசிய அமைப்புக்குத் தந்த ஆதரவு’ என்று எழுதினால், ஒரே நாட்டின் ஒரே திட்டம் உலகச் சராசரியைத் தூக்கிவிடும். அமைப்பின் பங்கு அட்டை அச்சிட, பதிவு செய்ய, புகார் கேட்க ஆன செலவுதான். கடந்துபோகும் பணத்துக்கு எப்போதும் தனிப் பத்தி.

நம் ஊரிலும் இதே குழப்பம் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இலங்கைத் தமிழர் முகாம்களுக்காக 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 7,469 வீடுகள், குடும்பத் தலைவருக்கு மாத உதவி 1,000த்திலிருந்து 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000. மக்களுக்கு மிகவும் தேவையான பணம்தான். ஆனால் இதை அகதி அமைப்புகளின் வருமானப் பட்டியலில் ஏற்றினால் மற்ற எல்லா வரியும் கண்ணுக்கே தெரியாது.

வாங்கியவர் பக்கம் உட்கார்ந்து அளப்பது

இது மெதுவான வேலை. ஆனாலும் இதைவிட நம்பகமான வழி இல்லை. தேவையானவை: இரண்டு நிதியாண்டின் வங்கி அறிக்கைகள், எல்லா ஒப்பந்தங்களின் பட்ஜெட் பக்கங்கள், ஆடிட் அறிக்கை, சரக்குப் பதிவேடு. ஒரு நடுத்தர அமைப்புக்கு கணக்காளரோடு உட்கார்ந்தால் இரண்டு முழு நாள் ஆகும். கேள்வித்தாளை மின்னஞ்சலில் அனுப்பி நிரப்பச் சொன்னால் அரை மணியில் வந்துவிடும். வரும் எண்கள் கடைசியாக யாருக்கோ எழுதிய அறிக்கையிலிருந்து எடுத்தவையாக இருக்கும்.

வங்கி அறிக்கையின் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வரி. பத்திகள்: வரவான தேதி, அனுப்பியவர், ஒப்பந்த எண், எத்தனையாவது தவணை, அந்நியச் செலாவணித் தொகை, வரவான ரூபாய், படி எண், பணமா சரக்கா, கடந்துபோவதா தங்குவதா, பட்ஜெட் தலைப்பை அமைப்பே மாற்றிக்கொள்ளலாமா. அதற்கு மேல் பத்தி சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள், பத்தாவது வரியிலேயே சலித்துப்போகும்.

இந்தியாவில் இதைச் செய்யும்போது உடனே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. 2020 செப்டம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) திருத்தப்படி வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். அங்கிருந்து ஊர் வங்கியில் உள்ள பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கணக்கின் அறிக்கையையும் வாங்கி வரவுகளைக் கூட்டினால் அமைப்பின் வருமானம் அப்படியே இரட்டிப்பாகும். டெல்லிக் கணக்கின் வரவை மட்டும் எண்ணுங்கள். ஊர்க் கணக்கை, பணம் எப்போது கைக்கு வந்தது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வட்டியையும், முந்தைய ஆண்டில் திருப்பி அனுப்பிய மிச்சத்தையும் தனியே எடுங்கள். திருப்பி அனுப்பியதைக் கழிக்க மறப்பவர்கள் அதிகம்.

அதே திருத்தம் ஒரு பதிவு பெற்ற அமைப்பு இன்னொன்றுக்கு வெளிநாட்டுப் பணத்தைக் கைமாற்றுவதையும் தடுத்துவிட்டது. மேலே சொன்ன ஒரு கோடியின் பயணத்தில், இந்திய எல்லைக்குள் கடைசிப் படி சட்டப்படி நடக்க முடியாது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும் பழைய முறை போனது. எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத முகாம் குழுவுக்கு வெளிநாட்டுக் காசு வரவே வழியில்லை. 2020க்கு முந்தைய, பிந்தைய ஆண்டுகளை ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் போட்டால் ‘சின்ன அமைப்புகள் மேல் கொடையாளர்களுக்கு ஆர்வம் குறைந்தது’ என்று தோன்றும். ஆர்வம் குறைந்ததா என்பது அந்த வரைபடத்தில் தெரியாது. அந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு ‘சட்டம் மாறியது’ என்று எழுதுங்கள். நிர்வாகச் செலவு உச்சவரம்பும் 50இலிருந்து 20 சதவீதமானது. ‘நிபந்தனையற்ற நிதி’ என்று கொடையாளர் எழுதித் தந்தாலும் அதில் 20க்கு மேல் நிர்வாகத்துக்குத் தொட முடியாது. ஆண்டறிக்கையான எஃப்சி-4ஐ டிசம்பர் 31க்குள் தர வேண்டும். 2022 ஜூலையில் அரசுத் தளத்திலிருந்து இவை பொதுப்பார்வையில் இல்லாமல் போனதால், இப்போது அமைப்பிடமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ரூபாய் மதிப்பு தனித் தலைவலி. 2022 மார்ச் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு டாலர் சுமார் 200 ரூபாய், மே மாதத்தில் சுமார் 360. 20,000 டாலர் மானியம் 40 லட்சத்திலிருந்து 72 லட்சமானது, ஆதரவு 80 சதவீதம் கூடிவிட்டதாகத் தாளில் தெரியும். அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஓராண்டில் 70 சதவீதம் ஏறியிருந்தது. 72ஐ 1.7ஆல் வகுத்தால் தோராயமாக 42 லட்சம். உணவுப் பொருள் விலை மட்டும் ஏறக்குறைய 95 சதவீதம். உணவு வழங்கும் அமைப்பு என்றால் 72ஐ 1.95ஆல் வகுக்க வேண்டும், 37 லட்சம் கூட வராது. மீள்குடியேறியவர்களுக்கு உலர் உணவு தரும் அமைப்பு முன்னைவிட ஏழையாகிவிட்டது, வரைபடமோ மேலே ஏறுகிறது. டாலர், உள்ளூர்ப் பணம், விலைவாசி கழித்த உள்ளூர்ப் பணம் என்று மூன்று வரி போடாமல் இலங்கைக் கணக்கு பேசாதீர்கள். மாற்று விகிதம் ஒப்பந்தத் தேதியுடையது இல்லை, வரவான தேதியுடையது.

நிதியாண்டும் ஒத்துப்போகாது. இந்தியாவில் ஏப்ரல்–மார்ச், வங்கதேசத்தில் ஜூலை–ஜூன், பல கொடையாளர்களுக்கு ஜனவரி–டிசம்பர். ஆண்டுத் தொகையைப் பிரித்துப் பொருத்த முயலாமல் ஆரம்பத்திலேயே மாதவாரியாக எழுதிவிட்டால் பிறகு எப்படி வேண்டுமானாலும் கூட்டலாம்.

சரக்கை விலை போடுவதில் ஒரே விதி: வந்து இறங்கிய நாளில் உள்ளூர்ச் சந்தையில் அதை வாங்க என்ன ஆகுமோ அது. கொடையாளரின் விலைப்பட்டியலில் விமானக் கூலியும் சேர்ந்திருக்கும். இறக்கி விநியோகிக்கும் செலவு அமைப்பின் தலையில் விழுந்தால் அதைக் கழியுங்கள். பயிற்சி, பார்வையிட வருகை, ஆலோசனை ஆகியவற்றுக்கு ரூபாய் போட்டு ‘ஆதரவு’ பத்தியில் ஏற்றாதீர்கள். நாட்களாக எழுதலாம்.

தொகையைவிட மூன்று எண்கள்

ஒப்பந்தக் காலம், தாமதம், தாங்கும் காலம். இவற்றை எடுக்காமல் அளவீடு முடியாது.

ஒப்பந்தக் காலத்துக்குச் சராசரி எடுக்காதீர்கள், ஒரு மூன்றாண்டு ஒப்பந்தம் பத்து ஆறுமாத ஒப்பந்தங்களை மறைத்துவிடும். காலங்களை வரிசையாக அடுக்கி நடு எண் எடுங்கள். தாமதம் என்பது செலவு தொடங்கிய தேதிக்கும் முதல் தவணை வரவான தேதிக்கும் இடைப்பட்ட நாட்கள். வங்கதேசத்தில் ரோகிங்கியா முகாம் திட்டம் ஒவ்வொன்றுக்கும் அரசின் தொண்டு நிறுவனப் பணியகத்தில் எஃப்டி-7 அனுமதி வாங்க வேண்டும். அந்த நாட்களைத் தனியே குறித்துக்கொண்டால் தாமதம் கொடையாளருடையதா, அரசுடையதா என்று பிரிக்கலாம். பிரிக்காவிட்டால் இருவரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

தாங்கும் காலம்: எந்த நிபந்தனையும் இல்லாத கையிருப்பை மாத நிலைச்செலவால் வகுப்பது. கையிருப்பு 3,60,000, நிலைச்செலவு 2,40,000 என்றால் ஒன்றரை மாதம். ஆண்டு வருமானம் இரண்டு கோடி உள்ள அமைப்பிலும் இந்த எண் ஒன்றரையாக இருக்கலாம், பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. திட்டப் பணத்தின் மிச்சத்தைக் கையிருப்பில் சேர்க்கக் கூடாது. அது திருப்பித் தர வேண்டிய காசு.

அறிக்கை எழுதும் சுமையையும் நாட்களாக்கிவிடலாம். நாலு கொடையாளர், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நாலு அறிக்கை, ஒன்றுக்கு மூன்று நாள்: 48 நாள். ஒரு கணக்காளரின் இரண்டு மாத வேலைக்கும் மேல். அந்தச் சம்பளத்தை எந்த பட்ஜெட்டில் போட்டார்கள் என்று தேடினால், எதிலும் இருக்காது.

கடைசியாக வெளியிடுவது. அட்டவணையை முதலில் அந்தந்த அமைப்புக்கு அனுப்பி பத்து நாள் அவகாசம் கொடுங்கள். ஐந்தில் ஒரு வரியாவது திருத்தத்தோடு வரும் என்று எதிர்பார்த்தே கால அட்டவணை போடுங்கள். ஒரு மாவட்டத்தில் அல்லது ஒரு முகாமில் ஐந்துக்கும் குறைவான அமைப்புகள் இருந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்த பெரிய எல்லையோடு சேர்த்துவிடுங்கள். இல்லையேல் பெயர் போடாவிட்டாலும் எந்த அமைப்புக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதைத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருப்பதில்லை. மொத்த எண்ணிலிருந்து கழித்துப் பார்த்து மறைத்த கட்டத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று ஒருமுறை நீங்களே முயன்று பாருங்கள். முடிந்தால் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும்.